சாமி கையில் கொடுத்த கால்

ஆடி மாதம் பால்குடம் எடுத்த அன்றுதான் என் மனைவியின் இடது கால் கட்டைவிரல் மடங்கியது. அது உண்மையிலேயே மடங்கியது, உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்ளத் தை மாதம் ஆகிவிட்டது.

எங்கள் தெரு அம்மனுக்கு வருஷா வருஷம் பெண்கள் பால்குடம் எடுப்பார்கள். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால், நெல்லித்தோப்புச் சந்துகளையெல்லாம் வெறுங்காலோடு சுற்றி வர வேண்டும். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இவள் அதை விட்டதில்லை. தலையில் குடம் இருக்கும்போது கீழே பார்த்து நடக்க முடியாது. கோயில் வாசலில் படியேறும்போது பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். இவள் கால் படியின் மேல் விழாமல் விளிம்பில் மாட்டியது. கட்டைவிரல் மட்டும் படியில் நின்றது, மற்ற பாதம் முழுக்க முன்னால் போய்விட்டது. விரல் மேல்பக்கமாக மடிந்து, உடம்பின் பாரமும் குடத்தின் பாரமும் அந்த ஒரு மூட்டின் மேல் இறங்கியது. ஏதோ பட்டென்று விட்ட மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னாள். ஆனால் குடத்தை விடவில்லை. ஒரு சொட்டுப் பால் சிந்தாமல் உள்ளே கொண்டுபோய் அம்மனுக்குக் கொடுத்துவிட்டு, பிரகாரத்தில் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். நான் அர்ச்சனைத் தட்டோடு நின்றிருந்தேன். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

அம்மன் வேலையில் பட்ட அடியை அம்மனே பார்த்துக்கொள்வாள் என்பது அவள் நம்பிக்கை. எனக்கும் அதுதான். புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பத்து போட்டாள். தினமும் கோயில் விபூதியை விரலில் பூசிக்கொண்டாள். வீக்கம் வடிந்தது. கன்றிப்போயிருந்த நிறமும் போனது. வெளியில் பார்க்கிறவர்களுக்கு அது மற்ற விரல்களைப் போலவே ஒரு விரல். வலி மட்டும் போகவில்லை. கெட்ட காலம் அதுதான். வீங்கிக் கிடக்கிற காலுக்கு எல்லோரும் இரக்கப்படுவார்கள். நன்றாக இருக்கிற காலைக் காட்டி வலிக்கிறது என்றால் யார் நம்புவார்கள்?

அவள் வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கால் மெஷின். மிதிக்கிற பலகையை முன்னங்காலால் அமுக்க வேண்டும், அமுக்குகிறபோதெல்லாம் கட்டைவிரல் மடியும். கொஞ்ச நேரம் மிதிப்பாள், பிறகு மெஷின் நின்றுவிடும். அந்த நிற்கிற சத்தம் எங்களுக்குப் பழகிப்போனது. குந்தி உட்கார முடியவில்லை. பாத்திரம் துலக்குவது, அரிசி களைவது, கக்கூசுக்குப் போவது எல்லாம் பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டு மண்டியிட்டுக் கும்பிடுகிறவள் நின்றபடியே கும்பிட்டாள். அதுதான் அவளை ரொம்ப வாட்டியது.

எங்களோடு என் அக்காவும் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் போனபிறகு வந்தவள். இவளுக்கு நாத்தனார், அண்ணி என்று கூப்பிடுவாள். நான் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிறவன். பகலில் தூங்குவதும் இரவில் விழிப்பதுமாக இருந்த என்னால் வீட்டுக்கு உதவி கிடையாது. இவள் செய்யாமல் விட்ட வேலையெல்லாம் அக்கா தலையில் விழுந்தது. தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்குவது, துணி அலசுவது, ரேஷன் கடையில் நிற்பது என்று எல்லாமே. அக்காவுக்கு முட்டி வலி உண்டு. அதோடுதான் செய்தாள். செய்ததை ஒருபோதும் சும்மா செய்யவில்லை, வாயோடுதான் செய்தாள்.

"பால்குடம் எடுத்த கால் எல்லாருக்கும்தான் வலிச்சுது. மறுநா எல்லாரும் எழுந்து அவங்கவங்க வேலையப் பாத்தாளுங்க" என்பாள். யாரைப் பார்த்தும் சொல்ல மாட்டாள். தண்ணீர்க் குடத்தைப் பார்த்துச் சொல்வாள்.

புரட்டாசியில் தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப்போனேன். எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தோம். எலும்பில் முறிவு இல்லை, கீறல்கூட இல்லை என்று சொல்லி மாத்திரை எழுதினார் அங்கிருந்த டாக்டர். பெரிய உறையோடு வீட்டுக்கு வந்தோம். அக்கா அந்தப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எலும்பு கோயில் தூணாட்டம் நிக்குது. இதுக்கு மேல என்னத்தக் காட்டணும்?" என்றாள்.

இவள் மெஷினில் போய் உட்கார்ந்து மிதித்தாள். கொஞ்ச தூரம் ஓடி நின்றது.

நாங்கள் குடியிருந்தது ஒரு சொல்தா வீட்டின் பின்கட்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் சம்சாரத்தைத் தெருவே மதாம் என்று கூப்பிடும். பிரான்சில் மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ரவிக்கைகளை இவளிடம்தான் தைக்கக் கொடுப்பார். அந்தத் தடவை கொடுத்த துணி வெட்டினபடியே கிடந்தது. ஒருநாள் மதாம் படி இறங்கி வந்து, துணி கேட்காமல், பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல இவள் மறுநாளே கிளம்பிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காத்திருந்தவர்களுக்குத் தெரியும். இரவு ஷிப்டு முடிந்து நேராக அங்கே போய், சீட்டு வாங்கி, சுவரில் சாய்ந்து தூங்கி, நம்பர் கூப்பிடும்போது இவள் தட்டி எழுப்பி உள்ளே போவோம். வேறு அறைக்குப் போகச் சொல்வார்கள். அங்கே மறுபடியும் சுவர், மறுபடியும் தூக்கம். கடைசியில் பார்த்தது ஒரு பெண் டாக்டர். இவள் விரலை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே தூக்கினார். இவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"எக்ஸ்ரேல எலும்பு மட்டும்தாம்மா தெரியும். மூட்டுக்கு அடியில எலும்பக் கட்டி வச்சிருக்கிற ஜவ்வு அதுல தெரியாது. எனக்கு அங்கதான் சந்தேகம்" என்றார்.

இவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சந்தேகம் என்ற சொல்லே அவளுக்குப் பாதி மருந்து கொடுத்த மாதிரி இருந்தது.

எம்ஆர்ஐ எடுத்தால் தெளிவாகத் தெரியுமாம், ஆனால் அதற்குத் தேதி கிடைக்க ரொம்ப நாள் ஆகுமாம். அதற்குள் ஸ்கேன் செய்து பார்க்கலாம், விழுப்புரம் ரோட்டில் ரெட்டியார்பாளையம் பக்கம் ஒரு டாக்டர் சின்ன மூட்டுகளையெல்லாம் நன்றாகப் பார்க்கிறார், அவரிடம் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் என்றால் எங்கள் தெருவுக்குத் தெரிந்தது பிள்ளைத்தாய்ச்சி வயிற்றுக்கு எடுப்பதுதான். ரவிக்கை வாங்க வந்த ஒருத்தியிடம் இவள் ஸ்கேனுக்குப் போகிறேன் என்று சொல்ல, அது தெருக்குழாய்க்குப் போய்விட்டது. எங்கள் மகளே விழுப்புரத்தில் பிள்ளை பெற்று வைத்திருக்கிறாள். அக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "தெருவே கேக்குது, உனக்குப் புளிப்பா எதுனா வேணுமான்னு" என்றாள். இவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கார்த்திகை மழையில் பஸ் பிடித்துப் போனோம். ஸ்கேன் அறைக்குள் ஏசி குளிர். இருட்டு. மெஷின் வெளிச்சம் மட்டும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டர் தாடி வைத்திருந்தார். நெற்றி நிறையச் சந்தனம். வெள்ளைக் கோட்டுக்குள் கறுப்புச் சட்டை, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பு இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார்.

"சாமி சரணம். வாங்க மாளிகைப்புறம், உக்காந்து கால நீட்டுங்க" என்றார். மாலை போட்டவர்கள் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இவள் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். நல்லவேளை தலைக்குக் குளித்துவிட்டு வந்தேன் என்று என் காதில் சொன்னாள். நானும் கும்பிட்டேன். எங்கள் வீட்டு வழக்கத்தில் மாலை போட்டவர் சின்னப் பையனாக இருந்தாலும் சாமிதான். எதிரில் வந்தால் ஒதுங்கி நிற்போம். தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அப்படியிருக்க, அவர் மடியில் ஒரு துண்டை விரித்து, இவள் காலை எடுத்து அதன் மேல் வைத்துக்கொள்ளப் போனார்.

இவள் காலை இழுத்துக்கொண்டாள். "வேணாம் சாமி, நானே தூக்கிப் பிடிச்சுக்கறேன்" என்றாள்.

அவர் சிரித்தபடி, வேலை செய்கிற இடத்தில் அதெல்லாம் பார்க்கக் கூடாது என்று ஏதோ சமாதானம் சொன்னார். காலைப் பிடித்து வைத்து, கஞ்சி மாதிரி ஒரு பசையைத் தடவி, கைக்கருவியை விரல் மூட்டுக்கு அடியில் வைத்தார். திரையில் சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக ஏதோ ஓடியது. நான் அதைப் பார்க்கவில்லை. இவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைப்பதைப் பார்த்தேன். அறிந்தும் அறியாமலும் செய்த பிழை பொறுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கும் உடம்பு கூசியது. விரதம் இருக்கிறவர் கையில் தார் ரோட்டில் நடந்த கால்.

அவர் அமுக்கி, இங்கே வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை சாமி என்றாள். இங்கே? இல்லை சாமி. விரலை மேலே மடக்கப் பார்த்தார். இவள் பாதத்தையே கட்டைபோல விறைத்து வைத்திருந்தாள். தளர விடுங்கள், லேசாக விடுங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவள் எப்படி விடுவாள்? தன் காலின் பாரத்தைச் சாமி மேல் இறக்கக் கூடாது என்று தூக்கியே பிடித்திருந்தாள். தொடையெல்லாம் நடுங்கியது.

"வலி இல்லயாம்மா? உண்மையச் சொல்லுங்க."

"இல்ல சாமி. போதும் சாமி, விட்டுடுங்க."

கொஞ்சம் நீர் கோத்த மாதிரி இருக்கிறது, மற்றபடி பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தார். கிளம்பும்போது இவள் தரையைத் தொட்டு மறுபடியும் கும்பிட்டாள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

மழை விடவில்லை. பஸ்ஸில் இவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். வீட்டில் நான்தான் சொன்னேன், ஒன்றும் தெரியவில்லையாம் என்று. அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு படமும் ஒண்ணும் இல்லன்னுட்டுது. மூணாவது எடுத்தா பேயி தெரியுமா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "என் முட்டிக்கு எவன் படம் எடுத்தான்?" என்றாள். அதில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

அதற்குப் பிறகு இவள் வலி என்ற சொல்லையே எடுக்கவில்லை. தண்ணீர்க் குடத்தை அக்காவிடமிருந்து வாங்கிக்கொண்டாள். காலை அகட்டி, பாதத்தின் வெளி விளிம்பில் நடந்து தூக்கினாள். அப்படி நடந்து நடந்து இடுப்பும் பிடித்துக்கொண்டது. மதாமின் ரவிக்கைகளை மிதித்துத் தைத்து முடித்தாள். மெஷின் நிற்கவில்லை. நான் பகலில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டேன். குணமாகிவிட்டது போல என்று நினைத்துத் தூங்கினேன். உண்மையில் அப்படி நினைக்கத்தான் எனக்குத் தெம்பு இருந்தது.

மார்கழி பிறந்தது. ஒருநாள் ஷிப்டு முடிந்து விடியும் நேரத்தில் சைக்கிளில் வந்தேன். தெருவெல்லாம் கோலம். பெண்கள் குந்தியபடி புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வாசலில் இவள் ஈரத் தரையில் சம்மணம்கூடப் போடாமல், காலை நீட்டி உட்கார்ந்து, பிட்டத்தால் நகர்ந்து நகர்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். புடவை பின்பக்கமெல்லாம் சேறு. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். நகரும்போது புடவை பட்டு, போட்ட கோலம் அழிந்தது. அழிந்ததை மறுபடியும் போட்டாள்.

நான் சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டாரே, பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். குரலில் என் அலுப்பும் இருந்திருக்கும்.

அவள் மாவுக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு எங்க ஒண்ணும் இல்லன்னாரு. நான்தான வலிக்கலன்னேன்."

"வலிச்சுதா?"

"உசுரு போச்சு. வலிக்குதுன்னு சொன்னா இன்னும் கொஞ்ச நேரம் கால வச்சிருப்பாரு. சாமி மடியில எவ்ளோ நேரம் கால வைக்கிறது? சீக்கிரம் விட்டா போதும்னு இருந்துது." பிறகு, "நானே என் வாயால இல்லன்னு சொல்லிட்டு, இப்ப அண்ணிகிட்ட எந்த மூஞ்சியோட வலிக்குதுன்னு சொல்வேன்?" என்றாள்.

எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விரல் குணமாவதுகூட அவளுக்கு இரண்டாவதுதான். தான் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை மாதமும் என் பின்னால் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கிடைத்த ஒரே சந்தர்ப்பத்தை அவளுடைய பக்தியே தட்டிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் போனேன். நான் மட்டும். அந்தப் பெண் டாக்டரிடம் நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, இருந்தும் சொன்னேன். அவர், அந்த ஸ்கேனில் விரலை மடக்கிப் பார்த்தால்தான் தெரியும், சும்மா வைத்துப் பார்த்தால் கிழிசல் மூடிக்கொண்டு நல்லதுபோலவே இருக்கும், நோயாளி எங்கே வலிக்கிறது என்று சொன்னால்தான் கை அங்கே போகும் என்று விளக்கினார். அதே டாக்டரிடம் மறுபடியும் போகச் சொன்னார். போனால், அவர் மலைக்குக் கிளம்பிவிட்டார், பொங்கல் கழித்துத்தான் வருவார் என்றார்கள். இவளிடம் சொன்னேன். மாலையைக் கழற்றிவிட்டுத்தானே வருவார் என்று மட்டும் கேட்டாள்.

மாட்டுப்பொங்கல் முடிந்த வாரத்தில் போனோம். அக்காவும் வந்தாள். வருவதுதான் வருகிறோம், என் முட்டியையும் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? இவள் முகம் மட்டும் சுருங்கிப்போனது. இந்தத் தடவையும் ஒன்றும் தெரியாவிட்டால் பக்கத்திலேயே அக்கா இருப்பாள்.

அதே அறை, அதே குளிர். உள்ளே மழமழவென்று சவரம் செய்துகொண்டு, கட்டம்போட்ட சட்டையும் காலில் செருப்புமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். இவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சாமி இல்லையா என்று கேட்டாள்.

"சாமி மலையிலயே இருக்காரும்மா. நான் வெறும் டாக்டர்தான் இப்போ" என்றார். நாங்கள் சொன்னதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. மேஜை மேலிருந்த டப்பாவைத் திறந்து, மலையிலிருந்து பிரசாதமாகக் கொண்டுவந்த அரவணைப் பாயசம் கொஞ்சம் எங்கள் கையில் கொடுத்தார். இவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டாள். பிறகு அவளாகவே காலை நீட்டினாள்.

"வலிச்சா கத்துங்க. நீங்க கத்துற இடம்தான் எனக்கு வழி" என்றார்.

பசை தடவினார். கருவியை மூட்டுக்கு அடியில் வைத்து, மற்றொரு கையால் கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக மேலே மடக்கினார். இவள் "அம்மா" என்று அலறிவிட்டாள். என் கையை நகம் பதியப் பிடித்தாள். அவர் விரலை அப்படியே பிடித்துக்கொண்டு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் நெடுகப் போகிற ஒரு பட்டையைக் காட்டி, மூட்டுக்கு அடியில் தாங்குகிற ஜவ்வு இதுதான் என்றார். அதன் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி திறந்திருந்தது. விரலைக் கீழே விட்டார். இடைவெளி மூடிக்கொண்டது. பட்டை முழுசாக இருப்பதுபோல் ஆகிவிட்டது. பிறகு வலது கால் விரலையும் அதேபோல் மடக்கிக் காட்டினார். அதில் எங்கேயும் திறக்கவில்லை.

நான் படிக்காதவன். எனக்கே தெரிந்தது.

இவள் முழங்கையை ஊன்றி எழுந்து திரையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "தையல் விட்டுப்போன மாதிரி இருக்குது" என்றாள். டாக்டர் ஆமாம் அப்படித்தான் என்றார். இவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரிடம் கேட்டாள். "இன்னொரு வாட்டி மடக்கிக் காட்ட முடியுங்களா? எங்க அண்ணி வெளிய உக்காந்திருக்காங்க."

வலிக்குமே என்றார் டாக்டர். பரவாயில்லை என்றாள்.

நான் போய் அக்காவை அழைத்து வந்தேன். இருட்டில் கண் பழகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் முட்டியைப் பார்க்கத்தான் கூப்பிட்டோம் என்று நினைத்துக்கொண்டு புடவையைக்கூட லேசாகத் தூக்கினாள். இங்கே பாருங்கள் அம்மா என்று டாக்டர் திரையைக் காட்டினார். விரலை மடக்கினார். இந்தத் தடவை இவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள். கறுப்பு வாய் திறந்தது. ஆடி மாதத்திலிருந்து நடந்தபோதும் மிதித்தபோதும் குடம் தூக்கினபோதும் அது இப்படித்தான் திறந்து திறந்து மூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியாது.

அக்கா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். எக்ஸ்ரேயைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தாள். நான் அவளோடு பிறந்தவன், அவள் ஒன்றும் பேசாமல் நின்றதை அதற்கு முன்னால் ஒரு சாவு வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் எழுத உட்கார்ந்தார். ஆபரேஷன் வரைக்கும் போகாது என்றுதான் நினைக்கிறேன், விரலைக் கீழ்ப்பக்கமாக இழுத்து பிளாஸ்திரி போட்டு வைக்க வேண்டும், குந்தக் கூடாது, மெஷின் மிதிக்கக் கூடாது, வளையாத அடி வைத்த செருப்பை வீட்டுக்குள்ளேயும் போட வேண்டும், ஆறுவதற்கு நாள் பிடிக்கும், முழுசாக ஆறும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, இவ்வளவு தள்ளிப்போட்டிருக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னார். இவள் எல்லாவற்றுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினாள். இப்படி ஒரு செய்தியை அவ்வளவு நிம்மதியோடு கேட்ட ஆளை டாக்டர் பார்த்திருக்க மாட்டார்.

பசையைத் துடைத்துக்கொள்ளப் பஞ்சு வைத்திருந்தார்கள். இவள் எட்டி எடுப்பதற்குள் அக்கா முந்தானையை இழுத்து, குனிந்து, இவள் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். வயதில் மூத்தவள், புருஷனுக்கு அக்கா. இவள் பதறிக் காலை இழுத்தாள்.

"வேணாம் அண்ணி, விடுங்க. காலப் போயி..."

"சும்மா கெட" என்றாள் அக்கா. பிடியை விடவில்லை. "இந்தக் கஞ்சியோட நடந்து வழுக்கி உழு. அப்புறம் அதுக்கு ஒரு படம் எடுப்போம்."

விரல் இடுக்கெல்லாம் துடைத்தாள். கட்டைவிரலுக்கு வந்ததும் கை தயங்கியது. அதை மட்டும் அமுக்காமல் ஒற்றி எடுத்தாள். இவள் கால் முதலில் விறைத்திருந்தது. பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து, பாரம் முழுக்க அக்காவின் கையில் இறங்கியதைப் பார்த்தேன்.

தன் முட்டியைப் பற்றிக் கேட்க அக்கா அன்றைக்கு மறந்துவிட்டாள். பஸ்ஸில் ஞாபகம் வந்து நான் கேட்டபோது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றாள். அந்த இன்னொரு நாளும் நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். அதே சுவர், அதே தூக்கம்.

விரல் இப்போது முக்கால்வாசி ஆறியிருக்கிறது. மழை பிடித்தால் நொண்டுவாள். பால்குடம் எடுப்பதில்லை, கோயில் வாசலில் நின்று குடங்கள் உள்ளே போவதைப் பார்த்துக் கும்பிடுவாள். மதாம் தன்னுடைய பழைய செருப்பு ஒன்றைக் கொடுத்தார், பலகை மாதிரி கெட்டியான அடி. அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்க இவளுக்கு மனம் வரவில்லை. சாமி படம் இருக்கிற வீடு.

அக்காதான் ஒரு ஏற்பாடு செய்தாள். சாமி அலமாரிக்கு முன்னால் கோலமாவால் ஒரு கோடு போட்டாள். "இதுக்கு இந்தாண்ட போட்டுக்க. அந்தாண்ட நான் இருக்கேன், விளக்க நான் ஏத்துறேன்" என்றாள். அக்கா அந்தப் பக்கம் விளக்கேற்ற, இவள் இந்தப் பக்கம் செருப்புக் காலோடு கும்பிட, நான் ஷிப்டு முடிந்து வந்த அலுப்பில் இரண்டு பேருக்கும் பின்னால் நின்று கும்பிடுவேன். அம்மன் பார்த்துக்கொண்டிருப்பாள். கோடு அழிந்தால் அக்கா மறுபடியும் போடுவாள்.